நீர் நடுவே தாகம், உணவு நடுவே பசி

கோடைக் காலத்தில் நம் வீடுகளில் நிகழும் ஒரு காட்சியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். மாங்காயை நறுக்கிச் சாடியில் இட்டு, அதன்மேல் கல்லுப்பைத் தூவி, வாய்க்கு வேடு கட்டி வைப்பார்கள். ஒரு சொட்டு நீரும் ஊற்றுவதில்லை. ஆயினும் மறுநாள் வேட்டை அவிழ்த்துப் பார்த்தால், சாடியில் நீர் ததும்பி நிற்கும். மாங்காய்த் துண்டுகளோ சுருங்கித் துவண்டு கிடக்கும். அந்நீர் எங்கிருந்து வந்தது? மாங்காயின் உள்ளிருந்தே வந்தது. வெளியே நின்ற உப்பு அதனை ஈர்த்துக்கொண்டது. ஊறுகாய் போடுவோருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் சாடிக்குப் பதிலாக ஒரு வயலையும், மாங்காய்த் துண்டுக்குப் பதிலாக ஒரு பயிரின் வேரையும் எண்ணிப் பாருங்கள். அங்கே என்ன நிகழும்? இக்கேள்விக்கு விடை தெரியாமல் நான் ஒரு குடியானவருக்குத் தீங்கு இழைத்தேன். அந்தக் கதையையும், பின்னர் நான் கற்றுக்கொண்ட விடையையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றினேன். 1930ஆம் ஆண்டில் இராசாசியின் தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் அது. இன்றும் அங்கே ஒருபுறம் உப்பளங்கள் வெண்மையாய் விளங்க, மறுபுறம் நெல் வயல்கள் பசுமையாய்க் கிடக்கக் காணலாம். உப்பும் பயிரும் அத்தனை நெருங்கி வாழும் ஊர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையை அலைத்தது. உயிர்கள் மடிந்த துயரத்தின் முன் வேறெதுவும் பெரிதன்று. ஆயினும் உயிர் தப்பியோர் சில நாள் கழித்து வயலுக்குச் சென்றபோது, மற்றுமொரு துயரம் அங்கே காத்திருந்தது. கதிர் வாங்கி நின்ற சம்பாப் பயிர் கருகியிருந்தது. கடல்நீர் வற்றிய இடமெல்லாம் சேறும் வெண்பூப்பும் படிந்திருந்தன. 'மண் செத்துவிட்டது' என்றே பலரும் பேசினார்கள்.

அடுத்த ஆண்டு, 2005இல், வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்தது. உப்பு கரைந்து போயிற்று என்று நம்பி மக்கள் மீண்டும் நட்டார்கள். அவர்களுள் ஒருவர், என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை. அவருக்கு ஆறு மா நிலம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர். மேட்டுப்பாங்கான நான்கு மாவில் பயிர் தேறி வந்தது. வடிகால் தூர்ந்துபோன கீழைக் கடையிலிருந்த இரண்டு மாவில் மட்டும் பயிர் குன்றி, வெளுத்து நின்றது. ஒருநாள் மாலை அவர் பள்ளிக்கு வந்தார்.

"ஐயா, தாங்கள் விஞ்ஞானம் படித்தவர்கள். கீழ் வயலில் பயிர் வெளுக்கிறது. தண்ணீர் நிற்கிறது, உரமும் போட்டிருக்கிறேன். என்ன குறை என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நான் வயலுக்குப் போகவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே விடை சொன்னேன். இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு என்று பாடநூலில் இருக்கிறது. ஆகவே இன்னும் யூரியா இடுங்கள், கூடவே பொட்டாஷும் இடுங்கள் என்றேன். அவரும் கடன் வாங்கி இருமுறை இட்டார். பயிர் தேறவில்லை. இலை நுனிகள் நெருப்புப் பட்டாற்போல் கருகின. அறுவடையின்போது கதிர்கள் பாதிக்கு மேல் பதராயின. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்கு மிகவும் வலித்தது.

அறுவடைக்குச் சற்று முன்னதாக, வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர் அவ்வழியே வந்தார். அவரை அழைத்துக்கொண்டு நானும் அவ்வயலுக்குச் சென்றேன். அவர் பயிரை மேலிருந்து பார்க்கவில்லை. குனிந்து அடியிலைகளைப் பார்த்தார். "கிழ இலைகள் நுனியிலிருந்து காய்ந்திருக்கின்றன, பாருங்கள். வரப்போரத்தில் வெண்மை பூத்திருக்கிறது. இது பசியால் வந்த வெளுப்புத்தான். ஆனால் உணவில்லாத பசியன்று, உணவிருந்தும் உண்ண முடியாத பசி" என்றார். இரண்டு வயல்களிலிருந்தும் மண் எடுத்து ஆய்வுக்கு அனுப்பச் செய்தார். அந்த ஒரு வாக்கியம் என்னை மீண்டும் மாணவனாக்கிற்று. நீர் நின்றும் பயிர் ஏன் வாடியது? உரம் இருந்தும் ஏன் பசித்தது? அடியிலை முதலில் காய்ந்தது ஏன்? இம்மூன்று கேள்விகளுக்கும் இனி விடை காண்போம்.

முதலில் தாகத்தைப் பார்ப்போம்.

வேரின் நுனியிலுள்ள உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. நீர் அச்சவ்வை எளிதில் கடக்கும். உப்பு அவ்வளவு எளிதில் கடக்காது. சவ்வின் இருபுறமும் இரு கரைசல்கள் இருந்தால், நீர் அடர்த்தி குறைந்த கரைசலிலிருந்து அடர்த்தி மிகுந்த கரைசலை நோக்கிச் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நல்ல நிலத்தில் மண்ணிலுள்ள நீர் அடர்த்தி குறைந்தது. வேரணுவின் சாறு அடர்த்தி மிகுந்தது. எனவே நீர் தானே உள்ளே செல்கிறது. மண்ணீரில் உப்பு ஏற ஏற இவ்வேறுபாடு குறைகிறது. நீர் உள்ளே செல்லும் வேகமும் குறைகிறது. உப்பு மிக அதிகமானால் மாங்காய்க்கு நேர்ந்த கதியே வேருக்கும் நேர்கிறது.

பயிர் இதற்கு வாளாவிருப்பதில்லை. இலையிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. ஆனால் அதே துளைகளின் வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வரவேண்டும். கதவை அடைத்தால் திருடனும் வரமாட்டான், விருந்தினரும் வரமாட்டார். உணவு தயாரிப்பு குறைகிறது; புதிய இலைகள் சிறுக்கின்றன; தூர்கள் குறைகின்றன. மேலும் பயிர், தான் அரிதில் ஆக்கிய சர்க்கரை முதலிய பொருள்களை வளர்ச்சிக்குச் செலவிடாமல், உயிரணுச் சாற்றை அடர்த்தியாக்கி நீரை இழுப்பதற்காகச் செலவிடுகிறது. வீட்டுக்கு வாங்கிய அரிசியை விற்றுக் குடிநீர் வாங்கும் குடும்பத்தைப் போன்றது அதன் நிலை.

மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை எப்படி அறிவது? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புக் கரைந்த நீரோ நன்கு கடத்தும். ஆகவே மண்ணை நீரில் குழைத்து, அதிலிருந்து பிரித்தெடுத்த நீரின் மின்கடத்து திறனை அளக்கிறார்கள். இதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. சுருக்கமாக 'அலகு' என்றே நாம் இப்போது சொல்லிக்கொள்வோம். கடல்நீரின் அளவு ஏறக்குறைய 50 அலகு. மண்ணில் அது 4 அலகைக் கடந்தால் அம்மண்ணை உவர் மண் என்கிறோம்.

ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. 1977ஆம் ஆண்டில் மாஸ், ஹாஃப்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பல பயிர்களின் எல்லைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்கள் கணக்கின்படி பீன்ஸ் 1 அலகு வரை தாங்கும்; நெல் 3 அலகு வரை; பருத்தி 7.7, வாற்கோதுமை 8. எல்லையைக் கடந்தபின், நெல்லில் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் நூற்றுக்கு 12 வீதம் குறையும். அக்குடியானவரின் மேல் வயல் மண் 3 அலகுக்குள் இருந்தது. கீழ் வயல் மண் 7 அலகைக் காட்டிற்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்லைக்கு மேல் 4 அலகு, நாற்பன்னிரண்டு 48. ஏறக்குறையப் பாதி விளைச்சல் கணக்கிலேயே போயிற்று. இக்கணக்கு உப்பை மட்டுமே கருதியது. என் யோசனையால் வந்த கேடு அதற்கு மேற்பட்டது.

எப்படி எனில், உரமும் மண்ணீரில் கரைந்துதான் பயிரைச் சேர்கிறது. கரைவது எதுவாயினும் கரைசலின் அடர்த்தியை ஏற்றும். நான் சொல்லிய பொட்டாஷ் உரமோ பொட்டாசியம் குளோரைடு. அதுவே ஓர் உப்பு. சாடியில் ஏற்கெனவே உப்பு மிகுந்திருக்க, இன்னும் ஒரு பிடி உப்பைத் தூவச் சொன்னவன் நான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். உணவு நடுவே பசி எவ்வாறு நேர்கிறது?

நம் பள்ளிகளில் மதிய உணவுக்கு மாணவர்கள் வரிசையில் நிற்பதை அறிவீர்கள். நூறு மாணவர் நிற்கும் வரிசையில், அதே சீருடை அணிந்த ஆயிரம் வேற்றாட்கள் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? வாயிற்காப்போன் முடிந்தவரை ஆராய்ந்து பார்ப்பான். ஆயினும் கூட்ட மிகுதியால் வேற்றாட்கள் பலர் நுழைந்துவிடுவர். நம் மாணவர் பலர் வெளியே நிற்பர். வேரின் வாயிலில் இதுவே நிகழ்கிறது. அங்கே மாணவன் பொட்டாசியம்; வேற்றாள் சோடியம்.

பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, பயிருக்கு இன்றியமையாதது. இலைத் துளைகள் திறந்து மூடுவது அதனால்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் அதன் துணையால் செயற்படுகின்றன. சோடியமும் அதைப் போலவே ஒற்றை நேர்மின்னேற்றம் உடையது. உருவிலும் ஓரளவு ஒத்தது. எனவே பொட்டாசியத்துக்கென்று அமைந்த வழிகளில் அது புகுந்துவிடுகிறது. எண்ணிக்கையிலோ சோடியமே மிகுதி. ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது. பொட்டாசியம் அரைக் கிராமும் இல்லை. உள்ளே புகுந்த சோடியம் பொட்டாசியத்தின் இடத்தில் அமர்கிறது; ஆனால் அதன் வேலையைச் செய்வதில்லை. நொதிகள் தடுமாறுகின்றன.

அடுத்தது கால்சியம். இது உயிரணுச் சவ்வுக்குக் கட்டுமானப் பூச்சுப் போன்றது. மிகுதியான சோடியம் சவ்விலிருந்து கால்சியத்தைப் பெயர்த்துவிடுகிறது. பூச்சு உதிர்ந்த சுவரில் நீர் கசிவதுபோல், வேர் ஏற்கெனவே சேர்த்து வைத்த பொட்டாசியமும் வெளியே கசிந்துவிடுகிறது. வரவு குறைந்ததோடு இருப்பும் கரைகிறது.

தழைச்சத்தின் கதையைக் கேளுங்கள். புன்செய்ப் பயிர்கள் அதனைப் பெரும்பாலும் நைட்ரேட்டாக உறிஞ்சுகின்றன. நைட்ரேட்டு எதிர்மின்னேற்றம் உடையது. சமையல் உப்பின் மறுபாதியான குளோரைடும் எதிர்மின்னேற்றம் உடையதே. அது நைட்ரேட்டோடு போட்டியிட்டு வழியை அடைக்கிறது. நீர் நிற்கும் நெல்வயலில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும். அதுவும் சோடியத்தைப் போல் நேர்மின்னேற்றம் உடையதாகையால் அங்கும் நெருக்கடி உண்டு. இதற்கு மேல், மண்ணில் மக்கைச் சிதைத்துத் தழைச்சத்தை விடுவிக்கும் நுண்ணுயிர்களும் உப்பினால் தளர்ந்துவிடுகின்றன. வேரே குட்டையாகிவிடுவதால், மண்ணில் அசையாது ஓரிடத்தில் கிடக்கும் மணிச்சத்தைத் தேடிச் சென்று பற்றவும் முடிவதில்லை.

ஆக, பயிர் வெளுத்தது உண்மை. தழைச்சத்து இலையில் குறைந்திருந்ததும் உண்மையே. ஆனால் குறை மண்ணில் இல்லை, வாயிலில் இருந்தது. வாயிலை அடைத்து நிற்கும் கூட்டத்தை விலக்காமல், அடுக்களையில் சோற்றை மேலும் வடித்துக் குவிப்பதால் பயன் என்ன?

மூன்றாவது கேள்வி: அடியிலை முதலில் காய்ந்தது ஏன்? இலையிலிருந்து நீர் ஆவியாகும். அதனோடு வந்த உப்பு ஆவியாகாது. அது இலையிலேயே தங்கிவிடும். அதிக நாள் நீரை ஆவியாக்கிய இலை எது? மூத்த இலை. எனவே உப்பு முதலில் அங்கேதான் நஞ்சாகும் அளவுக்குச் சேர்கிறது. புதிய இலைகள் தோன்றும் வேகத்தைவிடக் கிழ இலைகள் மடியும் வேகம் மிகுந்தால், உண்பிக்கும் இலைகள் குறைந்து பயிர் குன்றிவிடுகிறது. உப்பின் தாக்குதல் இரு கட்டங்களில் வருகிறது என்று ஆய்வாளர்கள் கூறுவது இதனால்தான். தாகம் உடனே வருகிறது; நஞ்சு நாட்கள் கழித்து வருகிறது.

பயிரின் பருவமும் நோக்கத்தக்கது. நெல் விதை முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றாக இருக்கும்போது தாங்காது. தூர்கட்டும் பருவத்தில் மீண்டும் தாங்கும். கதிர் உருவாகிப் பூக்கும் பருவத்தில் மறுபடியும் தாங்காது. பூக்கள் கருவுறாமல் பதராகும். வயல் பசுமையாகத் தோன்றியும் களத்தில் நெல் குறைவது இதனால்தான். உவர் நிலத்தில் இளநாற்றை நடாமல் சற்று முதிர்ந்த நாற்றை நடுவதும், குத்துக்கு நாற்றுகளைக் கூட்டி நடுவதும் இதனை அறிந்த முறைகளே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நீங்கள் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். உவர், களர் என்னும் இரு சொற்கள் நம் மொழியில் உண்டு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். இன்றைய வேளாண்மை நூல்கள் அவற்றைப் பிரித்து வழங்குகின்றன. கரையும் உப்புகள் மிகுந்தது உவர். உப்பு மிகாவிடினும், களிமண் துகள்களின்மேல் சோடியம் ஒட்டிக்கொண்டு, காரத்தன்மை ஏறியிருப்பது களர். அதன் கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். சோடியம் ஒட்டிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றாமல் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் குழம்பாகும். காய்ந்தால் பாறைபோல் இறுகும். நீரும் இறங்காது, காற்றும் புகாது. காரம் மிகுந்த அம்மண்ணில் துத்தநாகமும் இரும்பும் கரையாமல் கிடக்கும். இட்ட யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். உவரில் வாயில் அடைபட்டது. களரிலோ உணவே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

நோய் இரண்டாதலின் மருந்தும் இரண்டு. உவருக்கு மருந்து நல்ல நீரும் நல்ல வடிகாலும். ஓரடி ஆழத்து மண்ணிலிருந்து ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு உப்பைக் கழுவ, ஓரடி உயர நல்ல நீர் அம்மண்ணூடு இறங்கிச் செல்லவேண்டும் என்பது அனுபவக் கணக்கு. 'இறங்கிச் செல்லவேண்டும்' என்பதைக் கவனியுங்கள். தேங்கிய நீர் உப்பைக் கழுவாது. அக்கீழ் வயலில் பெருமழை பெய்தும் உப்பு போகாததன் காரணம், தூர்ந்த வடிகால்தான். உப்பு நீரோடு இறங்கும், நீரோடு ஏறும். வெயிலில் மேற்பரப்பு காயும்போது அடிமண்ணின் உப்புநீர் மேலேறி, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வெண்பூப்பாக நிற்கும். ஆதலால் உவர் நிலத்தை வெறுந்தரையாகக் கோடையில் போட்டு வைத்தலாகாது. கோடையுழவு செய்தோ தழை பரப்பியோ காக்கவேண்டும்.

களருக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அங்கே களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை முதலில் பெயர்க்க வேண்டும். அதற்கு ஜிப்சம் இடுகிறார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம் உண்டு. ஆதலால் அது களிமண்ணை வலுவாகப் பற்றிக்கொண்டு சோடியத்தைத் தள்ளிவிடும். பெயர்ந்த சோடியம் சோடியம் சல்பேட்டாகி நீரில் கரையும். அதன் பின்னரே நீரைக் கட்டி வடித்துவிட வேண்டும். தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதால், அது மக்கும்போது எழும் அமிலங்கள் இவ்வேலைக்குத் துணை செய்யும், மண்ணும் பொலபொலப்பாகும். கடல்நீர் பாய்ந்த களிமண்ணில் உவர், களர் இரண்டின் தன்மையும் கலந்திருக்கக் கூடும். ஆகவே மண்ணை ஆய்ந்து பாராமல் மருந்து சொல்வது என் பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும்.

இயற்கையும் இந்நோய்க்குத் தன் வழிகளைக் கண்டிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து முத்துப்பேட்டை தொலைவில் இல்லை. அங்கே அலையாத்திக் காடுகள் கடல்நீரிலேயே வேரூன்றி வளர்கின்றன. அலையாத்தி இலையை நாவில் வைத்தால் கரிக்கும். வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்து, தப்பி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றிவிடும் மரம் அது. நெல்லிலும் உப்பைத் தாங்கும் இனங்கள் உண்டு. நம் தஞ்சைக் கடலோரத்தில் களர்ப்பாலை, குழியடிச்சான் முதலியவற்றை முன்னோர் பயிரிட்டனர். கேரளத்துக் கடற்கழிகளில் பொக்காலி நெல் விளைகிறது. வங்காளத்து நோனா போக்ரா என்னும் நெல்லை ஆராய்ந்தவர்கள், அதில் ஒரு மரபணுவை 2005இல் கண்டறிந்து வெளியிட்டனர். தண்டை நோக்கி நீரோடு ஏறும் சோடியத்தை இடைவழியிலேயே பிடித்து இறக்கிவிடும் காவற்காரன் அந்த மரபணு. முன்னோர் கண்ணால் கண்டு காத்த குணத்தின் பொருளை விஞ்ஞானம் பின்னர் விளக்கிற்று. கோ 43 முதலிய இரகங்களும், திருச்சியிலுள்ள வேளாண்மைக் கல்லூரியில் உருவாகித் 'திருச்சி' என்ற பெயரே தாங்கிய நெல் இரகங்களும் இன்று இத்தகைய நிலங்களுக்குப் பயன்படுகின்றன.

இவை ஓர் ஊரின் சிக்கல் மட்டும் அல்ல. இந்தியாவில் ஏறக்குறைய 67 இலட்சம் ஹெக்டேர் நிலம் உவராகவோ களராகவோ இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்கெனவே 1969ஆம் ஆண்டில் அரியானாவின் கர்னாலில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கடலோரங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது, கடல்நீர் நிலத்தடியே உள்நோக்கி நகர்ந்து, புதிய உவர் நிலங்கள் தோன்றுகின்றன. அலை வந்துதான் வயல் கெடவேண்டும் என்பதில்லை. நம் கையாலும் கெடும்.

நீங்களே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று சொல்கிறேன். ஓர் உருளைக்கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக்கி, சிலவற்றை நல்ல நீரிலும், சிலவற்றை உப்புக் கரைத்த நீரிலும் சில மணி நேரம் இட்டு வையுங்கள். பின்பு எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒன்று விறைத்து நிற்கும்; மற்றொன்று துவளும். அடுத்து, இரு தொட்டிகளில் பாசிப்பயறு விதைத்து, ஒன்றுக்கு நல்ல நீரும், மற்றதற்கு ஒரு லிட்டருக்கு மூன்று கிராம் உப்புக் கரைத்த நீரும் ஊற்றி வாருங்கள். எந்த இலை முதலில் காய்கிறது, எந்த நாளில் காய்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நான் நாற்காலியில் அமர்ந்து அறியாது போனதை, நீங்கள் தொட்டியருகே நின்று அறிவீர்கள்.

அக்குடியானவரின் நிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறு கோடையில் ஊரார் சேர்ந்து வடிகாலைத் தூர்வாரினர். அதில் நானும் மேல்வகுப்பு மாணவரும் மண்வெட்டி பிடித்தோம். ஆய்வறிக்கை கண்டபடி கீழ் வயலுக்கு ஜிப்சம் இடப்பட்டது. மழைநீர் கட்டி வடிக்கப்பட்டது. தக்கைப்பூண்டு மடக்கி உழப்பட்டது. அதன் பின் நட்ட பயிர் மேல் வயலுக்கு ஈடாகவில்லையாயினும், வீட்டுக்கு நெல் தந்தது. இரண்டு மூன்று பருவங்களில் இரு வயலுக்கும் வேற்றுமை தெரியாதாயிற்று. செத்ததாக மக்கள் சொன்ன மண் சாகவில்லை. அவர் அவ்வாண்டு பட்ட கடன் மட்டும் தீர நெடுநாள் ஆயிற்று. அக்கடனில் என் பங்கும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அக்குறளை முப்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். ஆயினும் அந்த மாலையில், கேட்டவர் கல்லாதவர் என்றும் விடை சொல்லிய நான் கற்றவன் என்றும் எண்ணியிருந்தேன். அவர் தம் வயலைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். நான் பாராமலே சொன்னேன். இருவரில் களர் எவர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். களரும் திருந்தும் என்பதே எனக்கு ஆறுதல்.

நாளை உங்களிடமும் எவரேனும் ஒருவர், நீங்கள் படித்தவர்கள் என்று நம்பி, ஒரு கேள்வியோடு வருவார். அப்போது பாடநூலைத் திறக்கும் முன் அவரோடு வயலுக்கு நடங்கள். குனிந்து அடியிலையைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். விடை சற்றுத் தாமதமாகலாம். அதனால் எவருக்கும் கடன் ஏறாது.